கவர்னர் வரைந்த குளம்

சுற்றுலா வழிகாட்டிகளாகப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னை ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். சூலே பகோடா எவ்வளவு பழையது, செயலகக் கட்டடத்தை யார் கட்டினார்கள் என்பதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது. அதை நான் எழுதினால் பிழையாகத்தான் எழுதுவேன். போனில் இல்லாத ஒன்றைப் பற்றி மட்டுமே என்னால் எழுத முடியும். பயந்துபோயிருக்கும்போது வாயை எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் அது.

என்னைப் பற்றி அதிகம் தேவையில்லை. நான்காம் வகுப்போடு நின்றவன். பர்மாவின் தெற்குக் கடற்கரையில் மெய்க்கில் மீன் படகு, வடக்கே பச்சைக்கல் சுரங்கம், எல்லைக்கு அந்தப் பக்கம் ரப்பர் தோட்டம் என்று ஓரிடத்தில் நிற்காமல் திரிந்தேன். சுரங்கத்தில் மண் சரிந்ததில் இடது காது போனது. தாய்லாந்தில் என்னைப் பிடித்து உள்ளே வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். உள்ளே இருந்தபோது பக்கத்தில் படுத்திருந்த ஓர் ஆஸ்திரேலியனிடம் கற்றதுதான் என் ஆங்கிலம். இந்த நகரத்தின் பபேடான் பகுதியில் எங்கள் தெருவுக்குத் திரும்பி வந்ததும், அந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வதென்று தெரியாமல் இந்தத் தொழிலில் நுழைந்தேன். சென்ற மழைக்காலத்தோடு விட்டுவிட்டேன்.

நம்மிடம் வருகிறவர்களில் பாட்டனைத் தேடி வருகிறவர்கள் என்று ஒரு வகை உண்டு. பக்கத்துக் கியாக்டடா பகுதியில் ஏதோ ஒரு பழைய கட்டடத்தின் முன்னால் நின்று, "இங்கேதான் என் பாட்டனார் வேலை பார்த்தார்" என்று சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார்கள். மன்னிக்கச் சொல்கிறார்களா, பாராட்டச் சொல்கிறார்களா என்பது அவர்களுக்கே தெரியாது. இரண்டையும் செய்யாதீர்கள். என் பாட்டன் அதே கட்டடத்துக்கு மூட்டை சுமந்தார் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. "படியைப் பார்த்து வாங்கம்மா" என்று மட்டும் சொல்வேன். அது போதும்.

மார்கரெட் அம்மா அப்படி வந்தவர். அறுபதைத் தாண்டியவர், இங்கிலாந்தில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நாட்டு நிலைமை கெட்டு வெளிநாட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பதே அரிதாகிவிட்ட நேரத்தில், பூப்போட்ட தொப்பி ஒன்றை அணிந்துகொண்டு தனியாக வந்து இறங்கினார். அவருடைய கொள்ளுத்தாத்தா பிரிட்டிஷ் பட்டாளத்தில் அதிகாரியாக இருந்து, கடைசியில் எங்கோ தொலைவில் உள்ள தீவுகளுக்குக் கவர்னரானவர். பெயரை நான் இங்கே எழுதவில்லை. அந்தக் கவர்னரின் வம்சத்தார் இன்னும் இருக்கிறார்கள்.

மார்கரெட் அம்மா டீக்கடையில் உட்கார்ந்து அந்த மனிதரின் கதை முழுவதையும் சொன்னார். பாதிரியார் வீட்டுப் பையன், கையில் காசு கிடையாது, சரியாக மீசை முளைக்காத வயதில் பர்மாவுக்கு அனுப்பப்பட்டார். பிரிட்டிஷார் பர்மிய மன்னரைப் பிடித்துக் கொண்டுபோன பிறகு கீழ் பர்மாவிலும் கலகம் பரவிக்கொண்டிருந்த காலம் அது. இங்கிருந்து வடக்கே மாவ்பி ஊருக்கு அப்பால் கலகக்காரர்கள் வைத்திருந்த ஒரு மரக்கோட்டையைத் தன் பக்கம் ஓர் ஆளைக்கூட இழக்காமல் பிடித்தார். அதற்குப் பதக்கம் கிடைத்தது. பதக்கத்தைப் பார்த்துப் பெரிய தளபதி ஒருவர் தன்னோடு வைத்துக்கொண்டார். அடுத்து ஆப்பிரிக்காவில் சண்டை, தொடையில் குண்டு, பதவி உயர்வு, மறுபடியும் சண்டை. முடிவில் இறகு வைத்த தொப்பியோடு கவர்னர். தீவில் ஒரு சாலை, ஓர் ஆஸ்பத்திரி, ஒரு சிறைச்சாலை கட்டினார். மூன்றுக்கும் அவர் பெயரையே வைத்தார்களாம்.

"இப்ப எது இருக்கு?" என்று கேட்டேன்.

"சிறைச்சாலை இருக்கு" என்றார் மார்கரெட் அம்மா. சிரிக்கவில்லை.

கவர்னரின் முடிவு அவருக்குத் தெரியும். தொடக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை. அதற்காக ஒரு படத்தைக் கொண்டு வந்திருந்தார். கொள்ளுத்தாத்தா அந்த வயதில் தன் கையால் வரைந்த நீர்வண்ண ஓவியம். புத்தக அளவுதான் இருக்கும். ஒரு மேடு, மேட்டின் மேல் மரவேலி, வேலிக்குள் பகோடாவின் நுனி, வேலியோரம் மூன்று பனைமரம், கீழே குளம். குளத்துக்குப் போகும் பாதையில் தோளில் காவடி போலக் கம்பு வைத்து இரு பக்கமும் பானை தொங்கவிட்டுக்கொண்டு ஒருவன் நடந்து போகிறான். மங்கிப்போன மஞ்சளும் பச்சையுமாக, பார்ப்பதற்கு அமைதியாக இருந்தது. அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையில் நான்கு தலைமுறையாக மாட்டியிருந்ததாம். பயணத்துக்காகச் சட்டத்திலிருந்து பிரித்து எடுத்து, உறை போட்டுக் கொண்டு வந்திருந்தார்.

மாவ்பிச் சந்தையில் எனக்குத் தெரிந்த முட்டை வியாபாரி ஒருவர் உண்டு. அவருக்குப் படத்தைப் போனில் அனுப்பிக் கேட்டேன். "மேடும் இருக்கு, குளமும் இருக்கு. இப்போ ராணுவ வேலிக்குள்ள இருக்கு. ரோட்டுல போறப்ப தெரியும். நிக்காம போங்க" என்றார்.

நிற்காமல் போவதென்றே முடிவு செய்தேன். காரை மெதுவாக ஓட்டி, ஜன்னல் வழியாகக் காட்டிவிட்டு, சந்தையில் மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்துத் திரும்பி அழைத்து வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

வழக்கமாக வரும் டிரைவர் என் வயதுக்காரர். அன்று அவருக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக சுப்பு காரைக் கொண்டு வந்தான். வீட்டில் சுப்பையா, அடையாள அட்டையில் மின் தூ. அப்பா நம் ஆள், அம்மா பர்மியப் பெண். மனைவி மாசமாக இருந்தாள். வயது இருபத்தைந்து. அந்த வயது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். வீட்டுக்கு வீடு பெயர் கேட்டு எடுப்பது ஒரு பக்கம், சாலையில் நிறுத்தி எடுப்பது இன்னொரு பக்கம். ஊருக்கு வெளியே போகும் சவாரிக்கு இளம் டிரைவரை வைத்துக்கொள்வதில்லை என்று நாங்கள் எல்லோருமே ஒரு வழக்கம் வைத்திருந்தோம்.

"வேணாம் சுப்பு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன்.

"ஊலே, அந்த அம்மா நாளைக்கு ஏர்போர்ட் போவுது. நான் இந்த ரோட்டுல எத்தன வாட்டி போயிருக்கேன். முகத்த மூஞ்சூறு மாதிரி வச்சுக்கிட்டு ஓட்டுனா ஒருத்தனும் பாக்க மாட்டான். உங்க மூஞ்சியத்தான் எங்க ஒளிக்கிறதுன்னு தெரியல" என்றான். ஊலே என்றால் பர்மியத்தில் சித்தப்பா, பெரியப்பா என்கிற மாதிரி. நான் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு வேண்டாம் என்று சொல்வது கஷ்டம்.

இடத்தை நெருங்கியதும் சுப்பு வேகத்தைக் குறைத்தான். வலது பக்கம் மேடு தெரிந்தது. மரவேலி இருந்த இடத்தில் சிமெண்டுச் சுவர். குளம் அப்படியே இருந்தது. பகோடாவின் நுனியும் இருந்தது. சுவரில் இரும்புக் கதவு, மணல் மூட்டை அடுக்கிய காவல் கூடு. முன்னால் ஒரு மாட்டு வண்டி சாலையைக் கடந்ததால் கார் ஒரு நிமிடம் நின்றது. மார்கரெட் அம்மா என் இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் காரைச் சுற்றிப் போய்ச் சாலையோரம் நின்றிருந்தார். படத்தை உறையிலிருந்து எடுத்து, கையை முழுக்க நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, படத்தையும் மேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கட்டைவிரலை நிமிர்த்திச் சுவரின் உயரத்தை அளந்தார். ஓவியம் வரைகிறவர்கள் அப்படித்தான் அளப்பார்களாம். காவல் கூட்டிலிருந்து பார்க்கிறவனுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

விசில் சத்தம் என் வலது காதுக்குக் கேட்டது.

"ஊலே, போயிரலாமா?" சுப்புவின் கை கியர் மேல் இருந்தது. "அந்த அம்மாவ இழுத்து உள்ள போடுங்க. போயிரலாம்."

"அணைச்சிடு. ரெண்டு கையும் ஸ்டியரிங் மேல வச்சிக்க."

"ஊலே..."

"ஓடுற காரைத்தான் சுடுவாங்க சுப்பு. நிக்கிற காரைக் கேள்விதான் கேப்பாங்க."

நான் சொன்னது சரிதானா என்று எனக்கே தெரியாது. ஆனால் காரை அணைத்தோம். அது சரியாகப் போயிற்று.

எங்களை உள்ளே கூட்டிப் போனார்கள். கதவுக்குள் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று. நிழலில் ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. மரத்தடியில் ஒரு பெஞ்சில் மூன்று இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கை கட்டப்படவில்லை. ஆனால் செருப்பு இல்லை. மூவரின் செருப்புகளும் காவல்காரன் காலடியில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அதைப் பார்த்ததும் சுப்பு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டான்.

கேப்டன் ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்காது. தூங்கிப் பல நாள் ஆனவர் போலக் கண். அதட்டவில்லை. அதட்டுகிறவர்களிடம் கொஞ்சம் நேரம் கிடைக்கும். மரியாதையாகப் பேசுகிறவர்களிடம் கிடைக்காது. அந்த அம்மாவை நாற்காலியில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். என்னையும் சுப்புவையும் நிற்க வைத்தார். பேச்சு முழுவதும் பர்மியத்தில் நடந்தது; ஐயா என்பதற்கு அதில் சயா.

"என்ன அளந்தாங்க?"

"படத்தோட ஒப்பிட்டுப் பாத்தாங்க, சயா. இவங்களோட கொள்ளுத்தாத்தா வரைஞ்ச படம். அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பட்டாளத்து அதிகாரி. அப்புறம் கவர்னரா இருந்தவர்."

உண்மையையே சொன்னேன். பொய் சொல்ல நேரமிருந்திருந்தால் சொல்லியிருப்பேன். எங்களைத் தனித்தனியாக விசாரித்தால் மூன்று பேரும் ஒரே பொய்யைச் சொல்ல முடியாது. உண்மையை மட்டும்தான் பேசி வைத்துக்கொள்ளாமல் மூன்று பேரும் ஒரே மாதிரி சொல்லலாம்.

கேப்டன் படத்தை வாங்கினார். வாங்குவதற்கு முன் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். அதை நான் கவனித்தேன். நீங்களும் இப்படிப்பட்டதைக் கவனியுங்கள்.

நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "இது படம் இல்ல. இந்த அம்மாகிட்டச் சொல்லு" என்றார்.

"புரியல, சயா."

"எங்களுக்கும் இப்படி வரையச் சொல்லித் தந்தாங்க. இங்க பாரு. வேலி எவ்வளவு உயரம்னு தெரியறதுக்குத்தான் அது பக்கத்துல பனைமரத்த வச்சிருக்கான். மேட்டோட இந்தப் பக்கம் ஒரு செடிகூட வரையல. ஏன்? இங்க மறைஞ்சு ஏற முடியாதுன்னு அர்த்தம். அந்தப் பக்கம் புதர் இருக்கு, அத ஒவ்வொண்ணா வரைஞ்சிருக்கான். தண்ணி எடுக்க வேலிக்கு வெளிய வர்றான் பாரு இந்த ஆளு. நிழல் எந்தப் பக்கம் விழுது? காலை நேரம். உள்ள கிணறு இல்ல, காலையில குளத்துக்கு வந்தாகணும்னு எழுதி வச்சிருக்கான்." படத்தின் மேல் விரலைப் படாமல் நகர்த்திக்கொண்டே போனார். "அடுத்த நாள் காலையில குளத்துக்கிட்ட ஆள வச்சிருப்பான். தண்ணி எடுக்க வந்தவங்களப் பிடிச்சிருப்பான். அப்புறம் சும்மா உக்காந்திருந்தாலே போதும். கெட்டிக்காரன்."

மார்கரெட் அம்மா என்னைப் பார்த்தார். நான் ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். இப்படிப்பட்ட இடத்தில் எதையும் மென்று விழுங்காதீர்கள். எதிரில் இருப்பவருக்கு ஆங்கிலம் எவ்வளவு தெரியும் என்பது நமக்குத் தெரியாது.

அந்த அம்மா படத்தில் பானையோடு போகிறவனைப் பார்த்தார். "ஒரு ஆளைக்கூட இழக்கலன்னு வீட்ல சொல்லுவாங்க" என்றார் மெதுவாக. "தண்ணி எடுக்கப் போறவனைப் பத்தி நாங்க கதை கட்டுவோம். சின்ன வயசுல அவனுக்கு ஒரு பேரு கூட வச்சிருந்தேன்."

அதைக் கேப்டனுக்கு நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. அவர் முகம் மாறியிருந்தது.

"மேடு அப்படியே இருக்கு. குளமும் அப்படியே இருக்கு. எங்க ஆளுங்களும் காலையில அதே குளத்துலதான் குளிக்கிறாங்க. இந்தப் படத்தக் கொண்டாந்து என் வாசல்ல பிடிச்சு அளந்தா நான் என்னன்னு எழுதறது?"

பாட்டன் வரைந்த படம் என்று நாங்கள் காட்டியது, அந்த முகாமைப் பிடிக்க வரைந்த வரைபடம். அதுவும் இன்றைக்கும் பயன்படுகிற வரைபடம். அதைக் கையில் வைத்திருக்கிற மனிதர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. தன் வேலையைச் செய்தாலே எங்கள் கதை முடிந்தது.

அவர் சுப்புவின் பக்கம் திரும்பினார். "பேரு?"

"மின் தூ, சயா."

"வயசு?"

சுப்பு சொன்னான். கேப்டன் அவனுடைய கால்களைப் பார்த்தார், தோள்களைப் பார்த்தார். சந்தையில் மாட்டைப் பார்ப்பது போலப் பார்த்தார் என்று சொல்ல மாட்டேன். வேலைக்கு ஆள் தேவைப்படுகிறவன் பார்ப்பது போலத்தான் பார்த்தார்.

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்தேன். "அவன் வெறும் டிரைவர், சயா. அவனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

நல்லெண்ணத்தில் சொன்னதுதான். சொல்லி முடிப்பதற்குள்ளேயே தெரிந்துவிட்டது.

"அப்படியா?" என்றார் கேப்டன். "சம்பந்தம் இல்லன்னா அவன் இங்க இருக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் போகலாம். வேற டிரைவர வரச் சொல்லு."

காவல்காரன் சுப்புவிடம் வந்து தரையைக் காட்டினான். சுப்பு குனிந்து செருப்பைக் கழற்றத் தொடங்கினான். வார் சிக்கிக்கொண்டது. அந்த வாரை அவிழ்க்க அவன் பட்ட பாட்டைத்தான் இப்போதும் நான் பார்க்கிறேன்.

இதை நன்றாக மனதில் வையுங்கள். உங்களோடு வந்தவனைக் காப்பாற்றுவதாக நினைத்து, "அவனுக்குச் சம்பந்தம் இல்லை" என்று பிரித்துச் சொல்லாதீர்கள். பிரித்துவைத்த துண்டைத்தான் முதலில் எடுப்பார்கள்.

சொன்னதை எப்படித் திருப்பி வாங்குவது? கெஞ்சலாம் என்று தோன்றியது. கெஞ்சினால் அவர் முடியாது என்று சொல்ல வேண்டி வரும். ஒரு தடவை முடியாது என்று ஆட்கள் முன்னால் சொல்லிவிட்ட அதிகாரி அதை மாற்ற மாட்டார். மனைவி மாசமாக இருக்கிறாள் என்று சொல்லலாம். பெஞ்சில் இருந்த மூவரும் அப்படி ஏதாவது சொல்லியிருப்பார்கள். நான் கேப்டனின் கையைப் பார்த்தேன். படம் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. மேசை மேல் வைக்கவில்லை. வெயில் படாமல் கொஞ்சம் சாய்த்துப் பிடித்திருந்தார். கையைத் துடைத்துவிட்டு வாங்கிய மனிதர். பறிமுதல் செய்தால் அறிக்கையோடு மேலே அனுப்ப வேண்டும், படமும் போய்விடும். திருப்பிக் கொடுத்தால் இந்த வரைபடம் வெளியே நடமாடும். அவரும் ஒரு மூலையில்தான் நின்றிருந்தார்.

"சயா," என்றேன். "இந்த அம்மா இதைக் காட்டறதுக்காக மட்டும் வரல. இந்த இடத்துலயே குடுத்துட்டுப் போகணும்னுதான் வந்தாங்க. எப்படிக் கேக்கறதுன்னு தெரியாம வெளிய நின்னுட்டாங்க."

அது பொய். எனக்குச் சொந்தமில்லாத பொருளை நான் கொடுத்துவிட்டேன். பிறகுதான் ஆங்கிலத்தில் மார்கரெட் அம்மாவிடம் சொன்னேன். "படத்தை நீங்க இவருக்குப் பரிசாக் குடுக்கிறதாச் சொல்லியிருக்கேன், அம்மா. ஆமான்னு தலையாட்டுங்க."

அவர் தலையாட்டவில்லை. முதலில் என்னைப் பார்த்தார். என்னை அறைந்துவிடுவார் போலிருந்தது. பிறகு வெறுங்காலோடு நின்ற சுப்புவைப் பார்த்தார். பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தார். படத்தைக் கடைசியாகத்தான் பார்த்தார். அதுவும் சட்டென்று பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஈரம் படாம வைக்கச் சொல்லுங்க, மிஸ்டர் வேலு" என்றார். "இந்த ஊர் மழைக்குப் பூஞ்சை பிடிக்கும்."

மொழிபெயர்த்தேன். கேப்டன் படத்தை உறைக்குள் போட்டார். "இங்க வரைஞ்சது இங்கயே இருக்கட்டும்" என்றார். அவருக்கு அது நியாயமாகவே பட்டிருக்க வேண்டும். எனக்கும் பட்டது.

இன்னும் சுப்பு அங்கேதான் நின்றான். அவனைப் பற்றி யாரும் பேசவில்லை. விட்டுவிடச் சொல்லிக் கேட்டால் பரிசு லஞ்சமாகிவிடும். அதைக் கேப்டன் தாங்க மாட்டார். நான் முடிந்த அளவு சாதாரணமான குரலில் கேட்டேன்.

"கார் வாசல மறிச்சிட்டு நிக்குது, சயா. அவனைத் திருப்பி நிறுத்தச் சொல்லட்டுமா?"

கேப்டன் என்னைப் பார்த்தார். எனக்கு எவ்வளவு தெரிகிறது என்று பார்த்தார். நான் முகத்தை மூஞ்சூறு மாதிரி வைத்துக்கொண்டேன்.

"திருப்பச் சொல்லு" என்றார். உறையோடு கட்டடத்துக்குள் போய்விட்டார்.

பெரிதாக வேண்டியதைப் பெரிதாகக் கேட்காதீர்கள். எதிரில் இருப்பவர் தன் மதிப்புக் குறையாமல் கொடுக்கக்கூடிய ஏதோ ஒரு சின்னக் காரியத்தைக் கேளுங்கள். உங்களுக்கு வேண்டியது அதற்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எழுபது வயதில் எனக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான்.

சுப்பு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு காரை நோக்கிப் போனான். ஓடவில்லை. ஓட வேண்டாம், ஓட வேண்டாம் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு நானும் நடந்தேன். வழி பெஞ்சுக்கு அருகில் போனது. காவல்காரன் கதவைத் திறக்கப் போயிருந்தான்.

"மாமா."

தமிழ். ஓரத்தில் உட்கார்ந்திருந்தவன் கூப்பிட்டான். சுப்புவின் வயதுதான் இருக்கும். நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்து போயிருந்தது.

"அந்த அம்மாகிட்ட இன்னொரு படம் இருக்கா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். ஆனால் பதிலுக்குக் காத்திருந்தான்.

"இல்ல தம்பி. ஒண்ணுதான்."

"சரி, மாமா." தெருவின் பெயரையும் அப்பாவின் பெயரையும் சொன்னான். பபேடானில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. "இங்க இருக்கேன்னு சொல்லிடுங்க. சாப்டேன்னு சொல்லுங்க."

சுப்பு வெறுங்காலோடுதான் ஓட்டினான். மார்கரெட் அம்மா படத்தைக் கொண்டு வந்த காலிக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "அந்தப் படத்துக்குக் கீழ உக்காந்துதான் நாங்க எல்லாரும் சாப்பிடக் கத்துக்கிட்டோம்" என்றார். பிறகு ஓட்டல் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரை இறக்கிவிட்ட பிறகு சுப்பு சொன்னான்: "வெறும் டிரைவர்னு சொன்னீங்கல்ல, ஊலே."

"சொன்னேன்."

"என் பொண்டாட்டிகிட்டச் சொல்லிடாதீங்க. அவ என்னப் பெரிய ஆளுன்னு நெனச்சிக்கிட்டிருக்கா." கார்ச் சாவியை என்னிடம் கொடுத்தான். உரிமையாளரிடம் சேர்த்துவிடச் சொன்னான். அடுத்த வாரம் மனைவியைக் கூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டான். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இப்போது எனக்குத் தெரிந்திருக்கும். தெரியாமல் இருப்பது நல்லது.

ஓட்டலிலிருந்து நேராக அந்தப் பையன் சொன்ன தெருவுக்குப் போனேன். மூன்றாவது மாடி. அப்பா தையல்காரர். தைத்துக்கொண்டிருந்த லுங்கியை மெஷினிலேயே விட்டுவிட்டு எழுந்தார். மகன் எங்கே இருக்கிறான் என்பதைச் சொன்னேன். சாப்பிட்டான் என்றும் சொன்னேன். அவர் உட்காரவில்லை. "நீங்க எப்படி வெளிய வந்தீங்க?" என்று கேட்டார். கேட்கக்கூடிய கேள்விதான். நான் மறைக்கவில்லை. பழைய படம் ஒன்றைக் கொடுத்தோம், டிரைவரை விட்டார்கள் என்றேன்.

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். சுவரில் முருகன் காலண்டர் ஒன்று, ஷ்வேடகோன் பகோடா படம் ஒன்று, மகன் பள்ளிக்கூடச் சட்டையோடு நிற்கும் போட்டோ ஒன்று இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"எந்த மாதிரிப் படம்னு சொல்லுங்க, அண்ணே. தேடிப் பாக்கறேன்."